வெள்ளிக்கிழமை வகுப்பும் பால்பாண்டியின் மிளகாயும்

பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்துக்கு நேரம் போதாமல் போனாலும் ஓவிய வகுப்பைத்தான் வந்து கேட்பார்கள். "டீச்சர், போர்ஷன் முடியல. இன்னைக்கு ஒருநாள் மட்டும் விட்டுக்குடுங்க" என்று கணக்கு சார் வாசலில் நின்று சிரிப்பார். அந்த ஒருநாள் எல்லா வாரமும் வரும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் சிரித்துக்கொண்டே கொடுத்தேன். பிறகு சிரிக்காமல் கொடுத்தேன். அப்புறம் கொடுப்பதையே நிறுத்திவிட்டேன்.

ஓய்வு பெற்று நாகமலை புதுக்கோட்டையில் மகன் வீட்டோடு இருக்கிறேன். போன மாதம் பரவையிலிருந்து ஓர் ஆசிரியை போன் செய்தார். முன்பின் பார்த்ததில்லை. யாரோ என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். "கவிதையையும் ஓவியத்தையும் சேத்து ஆறாவதுலருந்து எட்டாவது வரைக்கும் வகுப்பு எடுக்கச் சொல்லிருக்காங்க டீச்சர். நீங்க அந்தக் காலத்துலயே எடுத்தீங்களாமே. எழுத வராத பிள்ளைய வரையச் சொல்லிரலாம். வரையவும் வராத பிள்ளைய என்ன செய்யறது?" என்று கேட்டார். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, எழுதித் தருகிறேன் என்றேன். அதற்காக எழுத உட்கார்ந்ததுதான் இது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பள்ளி இறுதி வகுப்பு முடித்து, ஃப்ரீஹேண்ட், மாடல் டிராயிங் என்று அரசு ஓவியத் தேர்வில் லோயரும் ஹையரும் எழுதித் தேறி, தொழிலாசிரியர் பயிற்சி முடித்தேன். பானையையும் செங்கல்லையும் நிழலோடு வரையத் தெரியும். பிள்ளைகளுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்று அங்கே யாரும் சொல்லித்தரவில்லை. பேரையூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை கிடைத்தது. அங்கேயே வீடு பிடித்துத் தங்கிவிட்டேன்.

அந்தப் பள்ளியில் என்னை முதலில் சோர வைத்தது ஒரே ஒரு படம். "உங்களுக்குப் பிடிச்சத வரைங்க" என்று சொன்னால் வகுப்பே இரண்டு மலை வரையும். நடுவில் சூரியன், மலையிலிருந்து இறங்கி வரும் ஆறு, ஆற்றோரம் ஒரு குடிசை, சாய்ந்த தென்னை. அந்த ஊரில் ஆறு கிடையாது. தென்னையைப் பார்க்கவேண்டுமானால் கிணறு வைத்திருப்பவர்கள் தோட்டத்துக்குத்தான் போகவேண்டும். ஆனாலும் எல்லாத் தாளிலும் அதே ஆறு ஓடியது.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் தமிழாசிரியர் குருநாதன் ஐயாவிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவர் தன் பையைத் திறந்து ஒரு கட்டுத் தாளை எடுத்துப் போட்டார். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிய கவிதைகள். ஒன்றை எடுத்தால் "அம்மா என்றால் அன்பு", அடுத்ததில் "அன்பு என்றால் அம்மா." அதற்கடுத்ததில் நிலா.

"உங்க ஆறுதான் டீச்சர் எங்கிட்ட நிலாவா வருது. இதுகள வெளியில கூட்டிட்டுப் போயி ஒண்ணப் பாக்க வச்சாத்தான் உருப்படும்" என்றார்.

இரண்டு பேரும் சேர்ந்து எடுப்பது என்று அங்கேயே பேசிக்கொண்டோம். வெள்ளிக்கிழமை மதியம் அவருடைய ஒரு பாடவேளையையும் என்னுடையதையும் அடுத்தடுத்து வைத்து ஒரே வகுப்பாக நடத்த வேண்டும். அதற்குத் தலைமையாசிரியர் சம்மதிக்க வேண்டும்.

தலைமையாசிரியர் தவமணி சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் அறையில் நாற்காலி உண்டு, ஆனால் அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. நாம் உள்ளே போனால் எழுந்து நின்றுகொள்வார். மரியாதைக்காக என்று புதிதாக வந்தவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உட்கார்ந்தால் பேச்சு வளரும் என்பதுதான் காரணம். நாம் சொல்வதை முழுக்கக் கேட்பார், குறுக்கே பேச மாட்டார். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே, "சரி, நாளைக்குச் சொல்றேன்" என்பார். தட்டிக்கழிக்கிற நாளைக்கு இல்லை அது. மறுநாள் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் நேரே நம்மிடம் வந்து உண்டு அல்லது இல்லை என்று சொல்லிவிடுவார். சொன்னதை மாற்ற மாட்டார், காரணமும் சொல்ல மாட்டார்.

எங்களிடமும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இதுல மார்க்கு எங்க வருது?"

"வராது சார்" என்றார் குருநாதன் ஐயா.

"சரி, நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் வந்து, "நடத்துங்க. அந்த நேரத்த வேற யாரும் கேட்டா எங்கிட்ட வரச் சொல்லுங்க" என்றார். அன்றிலிருந்து கணக்கு சார் என் வாசலில் நிற்பதில்லை.

வகுப்பு எப்படி நடந்தது என்று அந்த ஆசிரியை விவரமாகக் கேட்டிருந்தார். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை எடுத்து நடுவில் தீப்பெட்டி அளவுக்கு ஓட்டை வெட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. வெளியே போய் அந்த ஓட்டை வழியாக ஒன்றைப் பார்க்க வேண்டும். சத்துணவுக்கூடத்துப் புகைக்கூண்டு, ஆட்டின் காது, சைக்கிள் செயின், எதுவும் ஆகலாம். ஓட்டைக்குள் தெரிவதைத் தவிர வேறு எதையும் எழுதக் கூடாது. சின்னச் சின்னதாக ஐந்து வரி போதும். எழுதி முடித்ததும் குருநாதன் ஐயா கையில் பென்சிலோடு வருவார். "அழகான"வை அடிப்பார், "இனிய"வை அடிப்பார். "இந்தச் சொல்ல எடுத்துட்டா என்ன குறையுது?" என்று பிள்ளையிடமே கேட்பார்.

அடுத்தது என் பங்கு. கவிதையில் இருப்பதைப் படமாக வரையக் கூடாது. ஆட்டின் காதைப் பற்றி எழுதியிருந்தால் காதை விட்டுவிட்டு, அந்த ஆடு எங்கே கட்டியிருந்தது என்று வரை என்பேன். கவிதை சொல்லாததைப் படம் சொல்ல வேண்டும். கவிதையை ஒரு மெல்லிய தாளில் எழுதி, படத்தின்மேல் அங்கும் இங்கும் நகர்த்தி வைத்துப் பார்ப்போம். எழுத்துக்கும் படத்தில் ஓர் இடம் வேண்டும், ஆட்டுக்கும் கயிற்றுக்கும் இருப்பதுபோல. இடம் சரியாக அமைந்த பிறகுதான் மைதா பசை.

இரண்டாம் வருடம் இன்னொரு விதியும் சேர்த்தேன். கவிதையில் நிறத்தின் பெயர் வரக் கூடாது. நிறத்தைப் படம் பார்த்துக்கொள்ளும், எழுத்து வேறு வேலை செய்யட்டும் என்றேன். பெரும்பாலான பிள்ளைகள் இதற்கு வேகமாகப் பழகிக்கொண்டார்கள். ஒருவன் மட்டும் முதல் வாரமே தாளை வெறுமையாகக் கொடுத்தான்.

அவன் பெயர் பால்பாண்டி. ஏழாம் வகுப்பு. அப்பா தங்கவேலுக்குக் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். மிளகாயும் பருத்தியும் போடுவார். அவருடைய தம்பி பட்டாளத்தில் இருந்தார். மகனையும் பட்டாளத்துக்கு அனுப்புவது என்று தங்கவேல் முடிவு செய்திருந்தார். காலையில் பால்பாண்டி பேரையூர் ரோட்டில் ஓடுவான், பின்னாலேயே அப்பா சைக்கிளில் வருவார். ஊருக்கே தெரியும்.

அதுவரை என் வகுப்பில் நிறத்தைப் பற்றி மிகச் சரியாக எழுதியவன் அவன்தான். மற்றவர்கள் "பூ" என்று எழுதுகிற இடத்தில் அவன் "மஞ்சள் பூ" என்பான். "பச்சை இலை, சிவப்புச் சட்டை, நீல வானம்." விதி வந்த பிறகு ஒரு வரியும் எழுதவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வயிற்றுவலி. அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் வயிற்றுவலி. வியாழக்கிழமை வயிறு வலிப்பதில்லை என்பதைக் கவனித்தேன். அவனைத் தனியே கூப்பிட்டு, வா, வந்து சும்மா உட்கார்ந்திரு, எழுத வேண்டாம் என்று சொல்லி வரவழைத்தேன்.

அன்றைக்குப் பார்த்து, வகுப்பின் கிரேயான்களை எல்லாம் ஒரே தட்டில் கொட்டி வைத்திருந்தேன். உடைந்ததும் தேய்ந்ததுமாக, மேலே சுற்றியிருக்கும், நிறத்தின் பெயர் போட்ட காகிதம் கிழிந்து போனவை. பால்பாண்டி தன்னுடைய கிரேயான் பெட்டியை வைத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒன்றில்கூடக் காகிதம் கிழிந்திருக்காது. சுத்தக்காரப் பையன் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அந்தப் பெட்டி அன்று அவனிடம் இல்லை. தட்டிலிருந்து ஒன்றை எடுத்தான், வைத்தான், வேறொன்றை எடுத்தான். அப்புறம் குனிந்து மளமளவென்று வரைந்தான்.

பக்கத்தில் இருந்த பிள்ளை கத்தினாள். "டீச்சர், மெளகாப் பழத்தப் பூராம் பச்சையா அடிச்சிருக்கான்! எலையச் செவப்பா அடிச்சிருக்கான்!"

வகுப்பு சிரித்தது. பால்பாண்டி தாளைச் சுருட்டி டவுசர் பையில் திணித்துக்கொண்டான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடி போடப் போனபோது டாக்டர் மேசையில் புள்ளி புள்ளியாக ஒரு புத்தகம் பார்த்திருந்தேன். இது எதற்கு என்று கேட்டதற்கு, சிலருக்குச் சில நிறம் பிரிந்து தெரியாதும்மா, அதைக் கண்டுபிடிக்க என்று சொல்லியிருந்தார். அந்தப் புத்தகத்துக்கு நான் எங்கே போவேன்? நானே ஒன்று செய்தேன்.

பார்க்க எளிதாகத் தெரியும், செய்வது எளிதில்லை. சிவப்புக்கும் பச்சைக்கும் அழுத்தம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று அடர்ந்தும் ஒன்று வெளுத்தும் இருந்தால் நிறம் தெரியாதவனும் கண்டுபிடித்துவிடுவான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்து, கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் வெள்ளை என்று சேர்த்துச் சேர்த்து இரண்டையும் ஒரே அழுத்தத்துக்குக் கொண்டுவந்தேன். தூரிகையால் இழுத்தால் ஓரம் காட்டிக்கொடுக்கும். அதனால் குச்சி நுனியால் புள்ளி வைத்தேன். தாள் முழுக்கப் பச்சைப் புள்ளி, நடுவே சிவப்புப் புள்ளியால் பெரிதாக ஒரு "ம". முதலில் செய்ததைக் காட்டியபோது பால்பாண்டி "ம டீச்சர்" என்று சொல்லிவிட்டான். எனக்கு ஒரே சந்தோஷம், நான் நினைத்தது தப்பு என்று. ஆனால் தாளை மறுபடி பார்த்தபோது என் சிவப்பு காய்ந்து அடர்ந்து போயிருந்தது தெரிந்தது. கலவையை மாற்றி இன்னொன்று செய்தேன். இந்தத் தடவை "வ". குருநாதன் ஐயா தூரத்திலிருந்தே படித்தார்.

பால்பாண்டி தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சாய்த்துப் பார்த்தான்.

"புள்ளியா இருக்கு டீச்சர்."

"உள்ள ஏதாச்சும் எழுதிருக்கா?"

"ஒண்ணும் எழுதல. வெறும் புள்ளி."

என் முகத்தில் எதைப் பார்த்தானோ, அவன் கண் கலங்கிவிட்டது. "அப்பாட்டச் சொல்லாதீக டீச்சர். எனக்குக் கலரு மட்டும் மனசுல நிக்க மாட்டேங்குது. மத்ததெல்லாம் நல்லா மனப்பாடம் பண்ணிருவேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எல்லோரும் நிறங்களை மனப்பாடம்தான் செய்கிறார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். இலை பச்சை, ரத்தம் சிவப்பு, செவ்வந்தி மஞ்சள் என்று வாய்ப்பாடு போல ஒவ்வொன்றாகப் படித்து வைத்திருந்தான். தனக்குத்தான் ஞாபகம் மட்டம் என்பது அவன் எண்ணம். அந்தப் பெயர்களைக் காட்டித்தான் கவிதையில் ஒப்பேற்றியிருக்கிறான், என் விதி அதையும் பிடுங்கிக்கொண்டது.

"தோட்டத்துல என்னடா பண்ணுவ? மெளகா பறிக்கப் போவேல்ல?"

"கலந்து பறிச்சிருவேன் டீச்சர். போன பறிப்புல வியாபாரி மூட்டையப் பிரிச்சுப் பாத்துத் திருப்பி விட்டுட்டாரு. அப்பா அடிச்சாரு. எங்கிட்டோ பராக்குப் பாத்துக்கிட்டுப் பறிக்கிறேன்னு."

தாளை எடுத்துக்கொண்டு தவமணி சாரிடம் போனேன். வழக்கம்போல நின்றுகொண்டு கேட்டார். தாளை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்பார் என்று காத்திருந்தேன்.

"சாயங்காலம் போவோம்" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பள்ளி விட்டதும் அவருடைய மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து போனேன். வீட்டை ஒட்டிய களத்தில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. தங்கவேல் சாக்கை மடித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். "என்ன சார், ரெண்டு பேரும் சேந்து வந்திருக்கீக. பய என்ன பண்ணுனான்?"

"ஒண்ணும் பண்ணல. நல்ல பய" என்று தொடங்கி, தவமணி சார் எல்லாவற்றையும் சொன்னார்.

"கண்ணு தெரியலன்னா சொல்றீக? எட்டத்துல வர்ற பஸ்ஸு போர்ட எனக்கு முந்தி அவன் வாசிப்பான் சார்."

"கண்ணு நல்லாத் தெரியுது தங்கவேலு. செவப்பும் பச்சையும் மட்டும் அவனுக்கு ஒண்ணுபோலத் தெரியுது. பெறக்கும்போதே உள்ளது. யாரும் செஞ்சதும் இல்ல, அவன் கவனக் குறைவும் இல்ல."

தங்கவேல் திரும்பி நடந்தார். வீட்டு ஓரத்தில் அன்று பறித்துக் கொட்டியிருந்த குவியலிலிருந்து ஒரு மிளகாயை எடுத்தார். வாசலில் நின்ற மகனைக் கூப்பிட்டு அவன் முகத்துக்கு முன்னால் நீட்டினார்.

"இது பழமா, காயா?"

பால்பாண்டி கையைக் கொண்டுபோனான்.

"தொடாத. பாத்துச் சொல்லு."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான். "பழம்" என்றான்.

தங்கவேல் கையில் இருந்தது பச்சைக் காய். அதைத் திரும்பக் குவியலில் போடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். "பட்டாளத்துல இதப் பாப்பாகளா சார்?" என்று கேட்டார்.

"பாப்பாங்க."

"எப்படிப் பாப்பாக?"

டாக்டரிடம் பார்த்த, எண்ணைப் புள்ளிக்குள் ஒளித்து வைத்திருக்கும் புத்தகத்தைப் பற்றி நான் சொன்னேன். சொல்லும்போதே அவர் முகம் தெளிந்தது. "அப்படின்னா வழி இருக்கு டீச்சர். நீங்க எழுத்த ஒளிச்சு வச்சு வரைஞ்சீகள்ல, அதே மாதிரி அந்தப் புஸ்தகத்தையும் எங்கிட்டாச்சும் பாத்து வரைஞ்சு குடுங்க. எந்தப் பக்கத்துல என்ன நம்பருன்னு இவன் மனப்பாடம் பண்ணிருவான். அதுக்கு நான் ஆச்சு."

"அதத்தானே இம்புட்டு நாளாப் பண்ணிக்கிட்டு இருக்கான்" என்றேன். "பெட்டியில காகிதம் கிழியாமக் கிரேயான் வச்சிருக்கான், வெள்ளிக்கிழமையானா வயித்தவலிங்கிறான், அடி வாங்கிட்டும் வாய் தெறக்கல. இன்னும் எதுக்கு ஒளிச்சு வைக்கணும்? நான் வரைஞ்சு தர மாட்டேன். டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போவோம்."

"பிள்ளைக்கு ஒரு வேலை கெடைக்கிறதுக்கு ஒத்தாசை பண்ண மாட்டீக. ஊரக் கூட்டிக் கண்ணு சரியில்லன்னு மட்டும் சொல்லுவீக. அப்படித்தானே?" குரல் உயர்ந்தது. "இனிமே வெள்ளிக்கிழம உங்க வகுப்புல அவன் உக்கார மாட்டான். சார், சொல்லிட்டேன்."

நாங்கள் ரோட்டுக்கு வந்தபோது அவன் அம்மா பேச்சியம்மாள் பின்னாலேயே வந்தார். அதுவரை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர். தாழ்ந்த குரலில் சொன்னார். "என்னப் பெத்த ஐயாவும் இப்படித்தான் டீச்சர். பறிப்புக்கு வந்தா ஒவ்வொண்ணாத் தடவித் தடவிப் பறிப்பாரு. நாங்கூடச் சிரிச்சிருக்கேன். கடைசி வரைக்கும் அவருக்கே தெரியாது." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வெள்ளிக்கிழம நான் கொண்டாந்து விடுறேன். இவரு சத்தம் போடுவாரு. போடட்டும்."

வெள்ளிக்கிழமை சொன்னபடி கொண்டுவந்து விட்டார். வகுப்பில் நான் பேச வாயெடுத்தபோது பால்பாண்டி எழுந்தான். "நானே சொல்றேன் டீச்சர்" என்று திரும்பி நின்றுகொண்டான். "எனக்குச் செவப்பும் பச்சையும் ஒண்ணு. சிரிக்கிறவுக சிரிச்சுக்கங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க அவனை விடவும் இல்லை. "இது என்ன கலரு, இது என்ன கலரு" என்று ரிப்பனையும் சிலேட்டு ஓரத்தையும் காட்டிக் கேட்டு அவனைச் சலிக்க வைத்தார்கள். பிறகு அவர்களுக்கே சலித்துப்போனது.

அவனுக்குக் கரித்துண்டைக் கொடுத்துவிடலாமே, பாவம் என்றார் குருநாதன் ஐயா. எனக்கு அதில் சம்மதமில்லை. பாவம் என்று சொல்லி இருக்கிற நிறத்தையும் பிடுங்குவானேன்? தட்டை அவன் முன்னால் வைத்து, "உனக்குச் சந்தேகமே இல்லாமத் தெரியறத மட்டும் எடு" என்றேன். நீலத்தை எடுத்தான். மஞ்சள், கறுப்பு, வெள்ளை. மற்றதைத் தள்ளி வைத்தான். "இதுக போதும் டீச்சர்."

அட்டையோடு வெளியே போகவில்லை அவன். கண்ணை மூடி உட்கார்ந்திருந்துவிட்டு எழுதினான். குருநாதன் ஐயா பென்சிலோடு போனவர் ஒரு சொல்லையும் அடிக்கவில்லை. அந்தத் தாள் இன்னும் எனக்கு மனப்பாடம்.

காய் விரலை எதிர்த்து நிற்கும்.
பழம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.
காயைத் திருகினால் சண்டை போட்டு வரும்.
பழம் கூப்பிட்டதும் வந்துவிடும்.
அப்பாவுக்கு இது தெரியாது. அவர் பார்த்துப் பறிக்கிறார்.

படத்தில் மிளகாயே இல்லை. தாள் முழுக்க ஒரு கை. மஞ்சள் கை, நீல நிழல், நகத்துக்கடியில் கறுப்பு. விரல்கள் எதையோ பிடித்திருக்கும் அளவுக்கு மடங்கியிருந்தன, நடுவே வெறும் தாள். கவிதையை அந்த இடத்தில்தான் ஒட்டினான்.

அந்த மாதத் தாள்களை வராந்தாவில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். தவமணி சார் வந்து பார்த்தார். "அவனோடது இப்ப வேண்டாம். தகப்பன் வந்து சத்தம் போட்டா மத்த பிள்ளைக படிப்பு கெடும்" என்றார்.

"சார், எல்லார் தாளும் தொங்கும்போது அவனோடது மட்டும் பீரோவுக்குள்ளயா? அவன் இப்பத்தான் வெளிய வந்திருக்கான். நீங்க எடுக்கச் சொன்னா எல்லாத்தையும் எடுத்துருவேன்."

தலைமையாசிரியரிடம் நான் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. அவர் கண்ணாடியைத் துடைத்தார். "நாளைக்குச் சொல்றேன்." மறுநாள் பிரார்த்தனை முடிந்ததும் என்னிடம் வந்தார். "தொங்கட்டும்."

தங்கவேல் வந்தார். தன் பேச்சை மீறி மகனை வகுப்புக்கு அனுப்பியது அவருக்குத் தெரிந்துபோயிருந்தது. கேட்டிலிருந்தே சத்தம் கேட்டது. வராந்தாவுக்கு வந்ததும் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். மகனுடைய தாளுக்கு முன்னால் நின்று, விரலை வரியில் வைத்து மெதுவாகப் படித்துக்கொண்டிருந்தார். கடைசி வரியில் விரல் நின்றுவிட்டது. பிறகு யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபம் அதிகமாகிவிட்டதோ என்று எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

சில நாள் கழித்து, அடுத்த பறிப்பு நடந்துகொண்டிருந்த சமயம், மறுபடி வந்து வகுப்பு வாசலில் நின்றார். துண்டைக் கையில் வைத்துக்கொண்டார். "கண்ண மூடிக்கிட்டுப் பறிச்சுப் பாத்தேன் டீச்சர். ஆளுக எல்லாம் என்ன கூத்துன்னு கேக்குறாக. அவன் எழுதுனது சரிதான். பழம் லேசா அமுங்குது. மெதுவாப் பறிச்சா ஒண்ணும் தப்பல. நான்தான் அவன வெரசாப் பறி வெரசாப் பறின்னு வெரட்டிருக்கேன்."

அவரே தொடர்ந்தார். "டாக்டர்ட்ட என்னைக்குப் போகணும்? நீங்களும் வாரீகளா?"

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பால்பாண்டி பட்டாளத்துக்குப் போகவில்லை. அவன் ஓட்டத்தை நிறுத்தவும் இல்லை. திருமங்கலத்தில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருக்கிறான். வெள்ளிக்கிழமை வகுப்பு நான் ஓய்வு பெறும்வரை நடந்தது. நிறத்தின் பெயர் வரக் கூடாது என்ற விதியை அந்த வருடமே எடுத்துவிட்டேன். எது கவிதைக்கு, எது படத்துக்கு என்று அந்தந்தப் பிள்ளையே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டேன். பரவை ஆசிரியை கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான்: வரைய வராத பிள்ளை என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், அந்தப் பிள்ளைக்கு என்ன தெரிகிறது என்று போய்ப் பாருங்கள்.

அன்று டாக்டரைப் பார்க்க நாங்கள் நான்கு பேரும் மதுரைக்குப் பஸ்ஸில் போனோம். ஜன்னலோரம் பால்பாண்டி, பக்கத்தில் அவன் அம்மா. தங்கவேல் வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தார். கண் டாக்டர் சின்ன வயசுக்காரர். பையனை முக்காலியில் உட்கார வைத்து அந்தப் புத்தகத்தை எடுத்தார். இடம் குறைவு என்பதால் தங்கவேல் மகனுக்கு நேர் பின்னால் நின்றார். நான் கதவோரம். அங்கிருந்தே எனக்குப் பக்கங்கள் தெரிந்தன. என் கைவேலையெல்லாம் அதற்குப் பக்கத்தில் நிற்காது. அவ்வளவு சுத்தமான புள்ளிகள்.

முதல் பக்கத்தைப் பால்பாண்டி படித்துவிட்டான். அது எல்லோருக்கும் தெரிகிற பக்கமாம். இரண்டாவதைத் திருப்பினார். எட்டு என்று பளிச்சென்று இருந்தது.

"இதுல?"

"தெரியல சார்."

அடுத்தது ஐந்து.

"தெரியல சார்."

தங்கவேலின் உதடு அசைந்ததைப் பார்த்தேன். புத்தகத்தை டாக்டர் அவன் பக்கம் நன்றாகவே சாய்த்துப் பிடித்திருந்தார். பின்னால் நிற்பவருக்கு ஒவ்வொரு எண்ணும் தெரியும். மகன் காதுக்கும் அவர் வாய்க்கும் ஒரு சாண் தூரம்கூட இல்லை. முணுமுணுத்தால் போதும். அவர் துண்டைச் சுருட்டி வாயில் பொத்திக்கொண்டார்.

"இது?"

பால்பாண்டி நேரமெடுத்துப் பார்த்தான். "தெரியல சார்" என்றான். அவன் குரல் இப்போது நடுங்கவில்லை.

டாக்டர் பக்கங்களைத் திருப்பிக்கொண்டே போனார். கடைசிப் பக்கம்வரை தங்கவேல் ஓர் எண்ணும் சொல்லவில்லை.